நாள் முழுதும் தமிழ்ச் செய்தி: வானொலி தாங்குமா?

2024 ஜனவரி 10-ஆம் தேதி பினாங்கு மாநிலத்தில் குழாய்கள் வறண்டன. சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்து கொண்டிருந்த இரண்டு பெரிய வால்வுகளை மாற்றும் வேலை. ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 5 இலட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்களுக்கு நீர் விநியோகம் தடைபடும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். இடத்திற்கு இடம் நேரம் வேறு. பிறையில் எப்போது திரும்ப வரும்? பட்டர்வொர்த்தில் எப்போது? தண்ணீர் லாரி எந்தத் தாமானில், எத்தனை மணிக்கு நிற்கும்? எல்லா விவரமும் கைப்பேசியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடிக் கொண்டிருந்தன. கைப்பேசியில் படித்துப் பழகாத எழுபது வயதுப் பாட்டி மட்டும் பேரப்பிள்ளை வேலை முடிந்து வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டியின் சமையலறையில் வானொலி இருக்கிறது. காலை ஆறு மணிக்கெல்லாம் அதைத் திறந்து விடுகிறார். பாட்டு வருகிறது, வாழ்த்து வருகிறது, ராசிபலன் வருகிறது. குறித்த நேரத்தில் சில நிமிடங்கள் செய்தியும் வருகிறது. அந்தச் சில நிமிடங்களைப் புத்ரா ஜெயாவும் கோலாலம்பூரும் உலகமும் பங்கு போட்டுக் கொள்கின்றன. பிறைக்கு இடம் எங்கே?

பாட்டே இல்லாமல், இருபத்து நான்கு மணி நேரமும் செய்தியும் தகவலும் மட்டுமே தரும் ஒரு தமிழ் வானொலி மலேசியாவில் நடக்குமா? தமிழ் ஒலிபரப்பைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே அவ்வப்போது எழுகிற கேள்விதான் இது. "நடக்க வேண்டும்" என்று சொல்வது எளிது. பணம் யார் போடுவது, அலைவரிசை எங்கே, கேட்பவர் யார் என்று கேட்டால்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் தமிழர்கள் அல்லர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு விட்டார்கள். 1973-இல் நேஷனல் பிளாக் நெட்வொர்க் என்ற செய்திக் கட்டமைப்பு அங்கே உருவானது. கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய அமைப்பு அது. அவர்கள் நாள் முழுதும் செய்தி என்று கிளம்பவில்லை. மணிக்கொரு முறை சில நிமிடச் செய்தியைத் தயாரித்துப் பல ஊர் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பாட்டு அந்தந்த ஊர் நிலையத்தின் பொறுப்பு, செய்தி இவர்கள் பொறுப்பு. செலவு ஓரிடத்தில், ஒலி பல இடத்தில். வானொலிக் கட்டமைப்பு என்பதன் சூட்சுமமே இதுதான்.

அதே காலத்தில், 1975-இல், என்.பி.சி. என்ற பெரிய நிறுவனம் பொதுமக்கள் அனைவருக்குமாக முழுநேரச் செய்திச் சேவை ஒன்றைத் தொடங்கியது. பணத்துக்குக் குறைவில்லை, பெயருக்கும் குறைவில்லை. ஆனால் போதிய நிலையங்கள் வந்து சேரவில்லை. 1977-இல் மூடி விட்டார்கள். பெரிய கை போட்ட கடையும் இரண்டே ஆண்டில் பூட்டப்பட்டது என்பதை ஆர்வலர்கள் நினைவில் வைப்பது நல்லது.

கறுப்பின மக்களுக்கென்றே முழுநேரச் செய்தி வானொலி வர 2020 வரை ஆயிற்று. அந்த ஆண்டு மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலடியில் உயிரிழந்தார். நாடே கொதித்தது. ஜூன் 30-ஆம் தேதி ஐஹார்ட்மீடியா நிறுவனம் பிளாக் இன்பர்மேஷன் நெட்வொர்க்கைத் தொடங்கியது. ஒரே நாளில் பதினைந்து நகரங்களில் ஒலிக்கத் தொடங்கியது. எப்படி முடிந்தது? ஐஹார்ட்மீடியாவிடம் ஏற்கெனவே 850-க்கும் அதிகமான வானொலி நிலையங்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றின் பாட்டை நிறுத்திச் செய்தியைப் போட்டார்கள். நிமிடக் கணக்கில் விளம்பரம் விற்பதை நம்பியும் இருக்கவில்லை. வங்கி, காப்புறுதி, துரித உணவு என்று பெரிய நிறுவனங்களை முதலிலேயே 'நிறுவனப் பங்காளிகள்' என்று சேர்த்துக் கொண்டார்கள். ஒலிபரப்பு தொடங்கும் முன்பே செலவுக்கு வழி பிறந்து விட்டது.

மலேசியத் தமிழ் வானொலிக்கு அப்படித் தாங்கிப் பிடிக்க எந்தத் தாய் நிறுவனம் இருக்கிறது? எண்ணிப் பார்த்தால் இரண்டே விரல்கள்தான் மடங்கும். ஒன்று அரசாங்கத்தின் ஆர்.டி.எம்., மற்றொன்று ஆஸ்ட்ரோ.

பினாங்கில் தொடங்கிய கதை

தமிழ் வானொலிக்குப் பினாங்கு புதிய இடமன்று. 1934-லேயே பினாங்கு வானொலிச் சங்கம் ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே 1936-இல்தான் வந்தது என்பதை எண்ணினால் பினாங்குத் தமிழர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக் கொள்ளலாம். போருக்குப் பின் 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா பிறந்தது. அதன் இந்தியப் பகுதிதான் காலப்போக்கில் ஆறாம் அலைவரிசையாகி, 2005-இல் மின்னல் எப்.எம். ஆனது. தோட்டங்களில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி முழு லயமே உட்கார்ந்து கேட்ட காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தனியார் பக்கம் 1990-களில் டைம் ஹைவே ரேடியோ வந்தது. அதன் தமிழ்ப் பிரிவு டி.எச்.ஆர். ராகாவாக வளர்ந்து, ஆஸ்ட்ரோ குடும்பத்தில் இன்று ராகா என்ற பெயரில் ஒலிக்கிறது. வாரந்தோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நேயர்களைப் பெற்ற நிலையம் அது. இந்நாட்டு இந்தியர்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் என்றால், இது சாதாரண எண்ணிக்கையா? தமிழர் வானொலியை விட்டு விட்டார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். அவர்கள் விடவில்லை. ஆனால் அதில் தேடுவது பாட்டையும் கலகலப்பையும்.

முழுநேரச் செய்தி வானொலியும் மலேசியாவுக்குத் தெரியாத ஒன்றன்று. 2007-இல் பெர்னாமா தன் செய்தி வானொலியைத் தொடங்கியது. மறு ஆண்டு பி.எஃப்.எம். வந்து, ஆங்கிலத்தில் வணிகச் செய்தியை வைத்தே நிலைத்து நின்றது. அதன் நேயர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் காரும் கடன் அட்டையும் வைத்திருப்பவர்கள் என்பதால் விளம்பரதாரர்கள் தேடி வருகிறார்கள். தமிழ் வானொலியின் விளம்பரமோ தீபாவளிக்கு முன் பொங்கி வழியும், பிறகு வடிந்து விடும். ஜவுளிக்கடையும் நகைக்கடையும் மசாலைத்தூளும் ஆண்டு முழுவதும் ஒரு செய்தி அறையைத் தாங்கி நிற்குமா என்பது ஐயம்தான்.

செய்தி அறையின் செலவு வெளியே தெரியாது. பாட்டு வானொலியில் ஓர் அறிவிப்பாளர் நான்கு மணி நேரத்தைத் தனியாகவே ஓட்டி விடலாம். செய்தி வானொலியில் ஒரு மணி நேரத்தை நிரப்பவே செய்தியாளர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், வாசிப்பாளர், ஒலித் தொழில்நுட்பர் என்று வரிசை நிற்கும். மூன்று முறைமாற்றம் வேண்டும். பேச்சுக்கு இருபது பேர், ஆளுக்கு மாதம் 3,500 வெள்ளி என்று வைத்துக் கொண்டாலே சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 8 இலட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. வாடகை, அலைபரப்பிக் கட்டணம், சேமநிதி எல்லாம் தனி. இருபது பேரை வைத்து நாடு முழுவதையும் பார்த்து விட முடியாது என்பது வேறு கதை.

அலைவரிசையும் நினைத்தவுடன் கிடைக்காது. ஒலிபரப்பு மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளது. பினாங்கு மாநில அரசே விரும்பினாலும் சொந்தமாக ஒரு வானொலியை உரிமம் இல்லாமல் தொடங்க இயலாது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், அலைவரிசை ஒதுக்கீடு வேண்டும். எப்.எம். பட்டையோ ஏற்கெனவே நெரிசல்.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே தனியார் பண்பலைகள் சொந்தச் செய்தி ஒலிபரப்பவே அனுமதி இல்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி விட்டன. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். தினத்தந்தி குழுமத்தின் ஹலோ எப்.எம்., தன் குழுமச் செய்தியாளர் கொண்டு வந்த செய்தியைத் தானே வாசிக்க முடியாது! மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல்தான் பரிந்துரைத்தது. கோடிக்கணக்கான தமிழர் வாழும் இடத்திலேயே தனியார் செய்தி வானொலி இல்லை என்றால், இங்கே 20 இலட்சத்தில் எதிர்பார்ப்பது அதிகம் என்று சிலர் சொல்வர். அங்கே தடுத்தது சட்டம். இங்கே தடுப்பது பணம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை.

யாருக்காக?

இளையோர் மலாயிலும் ஆங்கிலத்திலும் செய்தி படிக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ்ச் செய்தி வானொலி எதற்கு என்பது வலுவான வாதம். 1924 முதல் வந்து கொண்டிருந்த தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. 1941-இல் தொடங்கி, ஈழப்போர்க் காலத்தில் இலங்கைத் தமிழர் இரவுதோறும் காத்திருந்து கேட்ட பி.பி.சி. தமிழோசையும் 2017 ஏப்ரலில் சிற்றலையை விட்டு விடைபெற்றது. இவற்றைப் பார்க்கும்போது காலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிகிறது.

ஆனால் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது என்ன ஆயிற்று? பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் போகலாமா, ஆலயம் திறக்குமா, பிறைத் தொழிற்பேட்டையில் எந்தத் தொழிற்சாலை இயங்கும் என்று நாளுக்கொரு விதி. புலனத்தில் வந்த வதந்திகள் உண்மையை முந்திக் கொண்டன. அதை 'கிருமி' என்பதா 'நச்சில்' என்பதா என்று தமிழ் எழுதுவோர் விவாதித்துக் கொண்டிருந்த வேளையில், வீட்டிலிருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது விதி இன்னதென்று தமிழில் தெளிவாகச் சொல்லும் ஒரு குரல்.

அதற்கும் முன்னால் 2004 டிசம்பர் 26. மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணியளவில் சுமத்ராவில் கடல் அதிர்ந்தது. பினாங்குக் கரையை அலை தொட்டபோது மதியம் ஒரு மணி தாண்டி விட்டது. இடையில் நான்கு மணி நேரம்! அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை, அதனால் எந்த வானொலியையும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் குடும்பங்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். இன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த பேய்மழையில் பினாங்கு மூழ்கி ஏழு பேர் மாண்டபோது மின்சாரம் போன வீடுகளில் கைப்பேசி எத்தனை நேரம் தாங்கியிருக்கும்? மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி விடியும் வரை பேசும்.

ஆகவே இருபத்து நான்கு மணி நேரம் என்ற ஆசையைச் சற்றே தள்ளி வைத்து, 1973-இன் அமெரிக்க வழியைப் பார்ப்பதே அறிவுடைமை. ஒரு சிறு செய்தி அறை. காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் எட்டு. மணிக்கு இருமுறை ஐந்து நிமிடம், அதில் இரண்டு நிமிடம் வட்டாரத்துக்கு. இணைய வானொலியில் தொடங்கலாம், அதற்கு எப்.எம். அலைவரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். ஓடத் தொடங்கிய பின், ஏற்கெனவே உள்ள நிலையங்கள் அந்த ஐந்து நிமிடத்தை வாங்கிப் போடட்டும். தமிழ் நாளிதழ்களுக்கு ஊருக்கு ஊர் நிருபர்கள் இருக்கிறார்கள். அவர்களே கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசி அனுப்பினால் செலவில் பாதி குறையும். நாளிதழ்கள் தங்களுக்குள் இருக்கும் போட்டியை மறந்து இதில் ஒன்று சேருமா என்பது, அலைவரிசை கிடைப்பதை விடவும் கடினமான கேள்வி.

அப்படிச் சேர்ந்தாலும் முதல் நிருபரைக் கோலாலம்பூரில் அமர்த்தக் கூடாது. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பிறையிலோ சுங்கை பட்டாணியிலோ அமர்த்த வேண்டும். தண்ணீர் லாரி எந்தத் தாமானில் நிற்கிறது என்பதைப் போய்ப் பார்த்து, உடனே தமிழில் சொல்லக் கூடியவராக அவர் இருக்க வேண்டும்.