உங்களுக்குத் தெரியுமா? – புல்லட்காரர், டியூக் பையன், எட்டு போட்டவர்

ஸ்பிளெண்டர் என்றால் மாதச் சம்பளக்காரர். டியூக் என்றால் சிக்னலில் நிற்காத பையன். புல்லட் என்றால் போலீஸ், இல்லாவிட்டால் பண்ணையார். எக்ஸ்எல் என்றால் கீரைக்கட்டு, பால் கேன், கேஸ் சிலிண்டர். வண்டியைப் பார்த்தே ஆளுக்கு ஜாதகம் எழுதிவிடுவதில் நம்மூர்க்காரர்கள் கில்லாடிகள். அந்த ஜாதகம் எவ்வளவு தூரம் பலிக்கும்?

◆

பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் பைக் தயாரானது ஜெர்மனியில் இல்லை, ஓசூரில், டிவிஎஸ் ஆலையில். அதே குடும்பத்து எஞ்சின்தான் அப்பாச்சி ஆர்ஆர் 310-லும் ஓடுகிறது. ஆஸ்திரிய பிராண்டு ஒட்டிய நம்மூர் டியூக்கைச் செய்வது புனே பக்கத்துச் சாக்கனில் உள்ள பஜாஜ். பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஸ்பீடு 400-ம் அதே பஜாஜின் கைவண்ணம்தான். ஹார்லி எக்ஸ்440-ஐத் தயாரிப்பது ஹீரோ. ஆம், ஸ்பிளெண்டர் செய்கிற அதே ஹீரோ. டீக்கடை வாசலில் 'என் வண்டியா, உன் வண்டியா' என்று சட்டையைப் பிடிப்பவர்கள் ஒருமுறை ஆலை முகவரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

◆

பிரிட்டிஷ் ரேஸ் பிரியர்கள் ஒரு காலத்தில் கொண்டாடிய நார்ட்டன் கம்பெனியை, 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியதும் டிவிஎஸ்தான். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டும் காய்கறிக்கடை அண்ணனும் நார்ட்டன் ஓட்டும் லண்டன்காரரும் இப்போது ஒரே வீட்டு உறவு!

◆

பைக் ஓட்டுபவன் என்றாலே ரவுடி என்ற பேச்சு எங்கே தொடங்கியது? 1947 ஜூலை 4-ஐ ஒட்டிய விடுமுறையில், கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் பைக் பந்தயம் நடந்தது. ஊர் தாங்காத கூட்டம், குடி, கலாட்டா. காலி பாட்டில்களுக்கு நடுவே ஹார்லி மேல் சாய்ந்திருந்த ஓர் ஆளின் படத்தை 'லைஃப்' பத்திரிகை பெரிதாகப் போட்டது. அந்தச் சம்பவத்தின் நிழலில் 1953-ல் 'தி வைல்டு ஒன்' படம் வந்தது. மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தது ஹார்லியில் இல்லை, டிரையம்ஃப் தண்டர்பேர்டில். படத்தைப் பார்த்து இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் தணிக்கைக்குழு 1967 வரை சான்றிதழ் தரவில்லை.

'பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் ஒழுக்கமானவர்கள்' என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது சொன்னதாக ஒரு கதை உண்டு. 'அப்படியானால் மிச்சம் 1 சதவீதம் நாங்கள்தான்' என்று சில கும்பல்கள் சட்டையில் '1%' பட்டை தைத்துக்கொண்டன. அப்படி நாங்கள் சொன்னதற்கு எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்கிறது சங்கம். பட்டை மட்டும் இன்றுவரை தைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

◆

அந்தக் கெட்ட பெயரைக் காசாக்கியவர்கள் ஜப்பானியர்கள். 1959-ல் லாஸ் ஏஞ்சலஸில் கடை திறந்த ஹோண்டா, அடுத்த சில ஆண்டுகளில் ஒரு விளம்பரம் கொடுத்தது. ஹோண்டாவில் போனால் நல்ல மனிதர்களைத்தான் சந்திப்பீர்கள் என்பது அதன் சாரம். குடும்பத் தலைவி, கல்லூரி மாணவன், தாத்தா என்று எல்லோரும் சின்ன ஹோண்டாவில் சிரித்துக்கொண்டு போவார்கள். வாசகத்தின் மூலம் ஒரு கல்லூரி மாணவரின் வகுப்புப் பயிற்சி என்பார்கள். அந்த விளம்பரத்தின் கதாநாயகன் 1958-ல் பிறந்த சூப்பர் கப். சோபா நூடுல்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டும் கடைப் பையனை மனதில் வைத்து, கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாதபடி செய்த வண்டி அது. 2017-ல் தயாரிப்பு 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

◆

பாதிரியார் ஒருவர் பைக் கும்பலைக் கூட்டிவரப் போன கதையும் உண்டு. 1962-ல் லண்டன் ஹாக்னி பகுதியில் இருந்த பில் ஷெர்கோல்டு, 'ராக்கர்'கள் கூடும் ஏஸ் கஃபே வாசலுக்குத் தன் பைக்கிலேயே போய், சர்ச்சுக்கு வாருங்கள் என்று அழைப்பு வைத்தார். அடி விழும் என்று பயந்துகொண்டுதான் போனாராம். வந்தார்கள், வண்டியோடு. அவர் வளர்த்த '59 கிளப்' இன்றும் இருக்கிறது.

◆

பழைய புல்லட்டை வேறு யாரும் திருடிக்கொண்டு போக முடியாது என்று அதன் சொந்தக்காரர்கள் பெருமை பேசுவார்கள். காரணம், எல்லாம் தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் அப்படித்தான். 1970களின் நடுவில் அமெரிக்கா 'கியர் இடது காலில்தான்' என்று விதி போட, உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் வேர்விட்ட புல்லட் மட்டும் 2000-ம் ஆண்டுக்குப் பிறகும் பிடிவாதம் பிடித்தது.

அந்த கியர் பெட்டியில் குதிகாலுக்கு என்று ஒரு தனி நெம்புகோல் இருக்கும். பெயர் நியூட்ரல் ஃபைண்டர். முதல் கியரைத் தவிர எந்த கியரில் இருந்தாலும் ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். சிக்னலில் கியரைத் தட்டித் தட்டி நியூட்ரல் தேடும் இன்றைய தலைமுறை இதைக் கேட்டால் பெருமூச்சு விடும். ஆனால் புல்லட்டில் பழகியவர் அவசரத்தில் தம்பியின் ஹீரோ ஹோண்டாவை எடுத்தாரானால், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். அவசரத்தில் கால் கேட்பது பழக்கத்தின் பேச்சைத்தான்.

◆

ஹார்லியின் 'பொட்டேட்டோ-பொட்டேட்டோ' சத்தத்துக்கே 1994-ல் வணிகச் சின்ன உரிமை கேட்டார்கள். ஒரே கிராங்க் பின்னில் இரண்டு பிஸ்டன்கள், நடுவே 45 டிகிரி கோணம், அதனால் வெடிப்புகள் சமமில்லாத இடைவெளியில் விழும். சத்தத்தின் ரகசியம் அவ்வளவுதான். மற்ற கம்பெனிகள் எதிர்த்து வழக்காட, 2000-ல் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது ஹார்லி.

◆

எதிரே வரும் பைக்காரருக்கு வணக்கம் சொல்வதிலும் ஊருக்கு ஊர் மரபு. அமெரிக்கர் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவார். பிரிட்டனில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் எதிர்வண்டி இருக்கும் பக்கத்துக் கை ஆக்ஸிலேட்டரில் மாட்டிக்கொண்டிருக்கும், ஆகவே தலையசைப்பு. பிரான்சில் வழிவிட்ட காருக்குக் காலை நீட்டி நன்றி சொல்வார்கள். நம்மூரில் காலை நீட்டினால் கதை வேறு.

◆

இனி கொஞ்சம் ரத்தம் பார்க்கும் விஷயம். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹர்ட், 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். 1981-ல் வந்த அவரது அறிக்கையை இன்றும் பைக் உலகம் மேற்கோள் காட்டுகிறது. பலரும் எதிர்பார்க்காதது வேகக் கணக்கு. விபத்துக்கு முன் வண்டிகளின் இடைநிலை வேகம் மணிக்கு 48 கி.மீ.தான். மோதும்போது 35 கி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. பறந்து போய் விழுந்தவர்கள் மிகச் சிலர். வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு, எதிராளி வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. 'பைக்கை நான் பார்க்கவே இல்லையே' என்பதுதான் கார்காரர்களின் வழக்கமான பதில்.

ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதல் வரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு. அந்த இரண்டு விநாடியில் பலர் செய்தது ஒன்றே ஒன்று: பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டி வழுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. ஒதுங்கிப் போகவும் தெரியவில்லை. இவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பனிடமோ ஓட்டக் கற்றவர்கள். மாமா பின்னால் உட்கார்ந்து 'கிளட்ச்ச மெதுவா விடுறா' என்று கத்திய பள்ளியில் படித்த நாமெல்லாம் எந்தக் கணக்கில் வருவோம் என்று சொல்லவேண்டியதில்லை.

◆

'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்.' நம்மூரில் பைக் கற்கும் ஒவ்வொருவர் காதிலும் விழும் முதல் உபதேசம் இது. பாதி உண்மை என்பதால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பிய நிலையில், மணலில், ஈரத்தில் வெடுக்கென்று பிடித்தால் தூக்கி அடிக்கத்தான் செய்யும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நேராகப் போகும்போது, பிரேக் பிடித்த மாத்திரத்தில் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன் சக்கரத்திடம் போய்விடுகிறது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறோம். இரண்டு பிரேக்கையும் பழகிய கையால் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 35 மீட்டரோ அதற்கு மேலோ ஆகும். இடையில் இருக்கும் 15 மீட்டரில் மூன்று கார்களை வரிசையாக நிறுத்தலாம். சூட்சுமம் வெடுக்கென்று பிடிப்பதில் இல்லை. முதலில் லேசாகத் தொட்டு, பாரம் முன்னால் இறங்கியதும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலி மைதானத்தில் முப்பது தடவை செய்துபார்த்தால் விரலுக்குப் புரியும்.

◆

125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும், ஆனால் பிரேக்கை நாம்தான் பிடிக்கவேண்டும். முன் பிரேக் என்றாலே பயப்படுகிறவருக்கு அது காசு கொடுத்து வாங்கிய, பயன்படுத்தாத சொத்து.

◆

பைக்கை இடது பக்கம் திருப்ப ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பவேண்டும்? 'இடது' என்றால் தவறு. கொஞ்சம் வேகம் எடுத்த வண்டியில், இடது கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும். அதாவது சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும், பிறகு இடப்பக்கம் வளையும். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். வில்பர் ரைட் பல சைக்கிள்காரர்களிடம் இதைக் கேட்டாராம். ஒருவருக்கும் தாங்கள் செய்வது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் சரியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்!

உடம்பைச் சாய்த்தாலே வண்டி திரும்பும் என்று சாதிப்பவர்களுக்காக, அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோடு ஒரு பைக் செய்து வைத்திருக்கிறார். அதில் வழக்கமான ஹேண்டிலோடு, திரும்பவே திரும்பாதபடி சேஸிஸில் பொருத்திய இன்னொரு ஜோடிக் கைப்பிடி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எப்படி வளைத்தாலும் வண்டி சோம்பலாக ஓரம் ஒதுங்குமே தவிர, குறுக்கே வந்த ஆட்டோவைத் தவிர்க்கும் அளவுக்குத் திரும்பாது. 1980-ல் அவர் தொடங்கிய பள்ளியின் வகுப்புகள் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் நடந்திருக்கின்றன.

◆

எட்டுக்கு வருவோம். எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதம் கழித்து ஆர்.டி.ஓ. மைதானம். காலை வெயிலில் நீளும் வரிசை, கையில் ஃபைல், தலையில் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட். 'காலை ஊனாத, ஆக்ஸிலேட்டர முறுக்காத, ஆஃப் கிளட்ச்லயே போ' என்று ஓட்டுநர் பள்ளிக்காரர் முணுமுணுக்கிறார். இரண்டு வட்டம் சுற்றி, கால் தரையில் படாமல் வந்தால் லைசென்ஸ். எட்டைக் குறைசொல்ல முடியாது. மெதுவான வேகத்தில் சமநிலை, கிளட்ச் கட்டுப்பாடு, பார்வையைத் திருப்பத்தின் முடிவில் வைப்பது எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் பல இடங்களில் தேர்வு அதோடு முடிந்துவிடுவதுதான் சங்கடம். இரண்டாவது கியரே போடாமல், ஒருமுறைகூட அழுத்தி பிரேக் பிடிக்காமல் ஒருவர் 400 சிசி வண்டி ஓட்டத் தகுதி பெற்றுவிடுகிறார்.

சிங்கப்பூரிலும் எட்டு உண்டு. கூடவே குறுகிய பலகை மேல் மெதுவாக ஓட்டுவது, கூம்புகளுக்கு நடுவே நெளிவது, அவசர பிரேக் எல்லாம் உண்டு. அத்தனையும் தாண்டினால் கிடைப்பது 200 சிசி வரைக்கான '2பி' லைசென்ஸ். ஒரு வருடம் கழித்துப் படித்துத் தேறினால் 400 சிசி வரை. இன்னும் ஒரு வருடம் கழித்துத்தான் பெரிய வண்டி. 'கிளாஸ் டூ எடுத்தாச்சு' என்று அங்குள்ள தமிழ்ப் பையன்கள் ஸ்டேட்டஸ் போடுவதில் நியாயம் இருக்கிறது.

◆

பயிற்சி எடுத்தால் விபத்தே வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, பைக் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளை 2010-ல் அலசியது. எந்தப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வுகளின் தரம் போதவில்லை என்று கைவிரித்தது. என் கணிப்பு: ஒருநாள் வகுப்பு முடித்துச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவர், புதிதாக வந்த தெம்பில் இன்னும் வேகமாகப் போகவும் வாய்ப்புண்டு. நல்ல பயிற்சியாளர்கள் முதல் வகுப்பிலேயே இதை எச்சரிப்பார்கள்.

◆

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. அதில் வண்டியின் பிராண்டுக்கு என்று தனிப் பத்தி கிடையாது.

◆

16 வயதிலேயே லைசென்ஸ் வாங்க மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கிறது, வண்டி 50 சிசிக்குள் இருந்தால். டிவிஎஸ் 50-ம் லூனாவும் தெருவை ஆண்ட காலத்து விதி. இன்று அப்பாவின் எக்ஸ்எல்லே 100 சிசி. பதினோராம் வகுப்புப் பையன் ஓட்டலாம் என்று சட்டம் சொல்லும் அந்தப் பெட்ரோல் வண்டியை ஷோரூமில் கேட்டால், சேல்ஸ்மேன் உங்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.