கழற்றி மூலையில் வைக்கத்தான் பிளேடு கார்டா? டேபிள் சா-வுக்கு `ஓவர்ஆர்ம்' வாங்கும் முன் இதைப் படிங்க!

யூடியூபில் மரவேலை வீடியோ பார்க்கிற பழக்கம் இருக்கா? வெண்ணெயை வெட்டுற மாதிரி ஒரு தேக்குப் பலகை அறுபடும் ஷாட்டை அப்படியே நிறுத்திப் பாருங்க. பிளேடு பல வீடியோக்களில் மொட்டையாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். `படம் தெளிவா தெரியணும்னு கார்டைக் கழற்றியிருக்கோம்' என ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும். கேமராவுக்காகக் கழற்றினதை மறுபடி மாட்டினாங்களா என்பது மட்டும் எந்த வீடியோவிலும் வராது.

கார்டுன்னா ஏ.டி.எம் கார்டு இல்லீங்க. சுழலும் பிளேடுக்கு மேலே உட்கார்ந்து விரலைக் காவல் காக்கிற மூடி. 10 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால், அதன் பற்கள் மணிக்கு சுமார் 190 கி.மீ வேகத்தில் ஓடுகின்றன. `ஐயோ' என்று கையை இழுக்கிறதுக்குள் எல்லாம் முடிந்திருக்கும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டபடி, 2015-ம் ஆண்டில் மட்டும் அங்கே டேபிள் சா காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 33,400 பேர். அதில் ஏறத்தாழ 30,800 பேருக்கு பிளேடு பட்டதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறது அந்தக் கணக்கு.

மெஷினோடு கம்பெனியே ஒரு கார்டு கொடுக்கிறதே, அப்புறம் ஏன் கழற்றுகிறார்கள்? சோம்பேறித்தனம்னு சுலபமா சொல்லிடலாம். ஆனால், பாதி காரணம் கார்டின் டிசைனிலேயே இருக்கு. மெஷினோடு வரும் கார்டு, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு தகட்டில் மாட்டப்பட்டிருக்கும். பலகையை முழுசாக இரண்டாக அறுத்தால் பிரச்னை இல்லை. டிராயர் அடிப்பலகை சொருக ஒரு காடி எடுக்கணும்னு வைங்க. அப்போது பிளேடு பலகைக்குள் பாதி ஆழம்தான் போகும், பலகை இரண்டாகப் பிரியாது. தகட்டின் மேல் நிற்கும் கார்டு வழியை மறிக்கும். கழற்றினால்தான் வேலை நடக்கும். ஒரு காடிக்காகக் கழற்றியது `அடுத்த வெட்டுக்கு மாட்டிக்கலாம்' என்று மூலைக்குப் போகும். அங்கேயே தூசி படிந்து கிடக்கும்.

ஓவர்ஆர்ம் கார்டு வந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். இது தகட்டில் மாட்டப்படுவதில்லை. மேஜையின் ஓரத்திலிருந்தோ, தரையிலிருந்தோ, மேற்கூரையிலிருந்தோ ஒரு நீளமான இரும்புக் கை வரும். அதன் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு பிளேடுக்கு மேலே தொங்கும். பலகை இரண்டாகப் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. காடி எடுக்கும்போதும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் கடையில் எந்த மாடலைக் காட்டினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: `நான் செய்யற வேலையில இதை எத்தனை தடவை கழற்ற வேண்டியிருக்கும்?'

உங்க மெஷினுக்கு இது செட் ஆகுமா?

தூக்கிக்கொண்டு போகிற சின்ன டேபிள் சா உங்களுடையது என்றால், ஓவர்ஆர்ம் ஆசையைத் தள்ளி வைப்பதே நல்லது. ஒரு பக்கமாக நீளும் இரும்புக் கையின் எடை அந்த லேசான மெஷினைச் சாய்த்துவிடும். ஸ்டாண்டை மடிக்கவும் முடியாது. கம்பெனி கொடுத்த கார்டை ஒழுங்காக மாட்டிப் பழகுவதுதான் உங்களுக்கான வழி.

நம்மூர் சைட்களில் இன்னொரு டேபிள் சா உண்டு. கையில் பிடித்து வெட்டும் மெஷினைத் தலைகீழாக ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் முடுக்கி, பிளேடை மேலே எட்டிப் பார்க்க வைத்துவிடுவார்கள். புது வீட்டு இன்டீரியர் வேலை நடக்கிற இடத்தில் இதைப் பார்த்திருப்பீங்க. அதில் கார்டு மட்டுமல்ல, பின் தகடும் இருக்காது. அதன் மேல் எந்தக் கூண்டைத் தொங்கவிட்டாலும் ஒப்புக்குத்தான்.

நகராமல் ஓரிடத்தில் நிற்கும், வார்ப்பிரும்பு மேஜை உள்ள கனமான மெஷின் என்றால் யோசிக்கலாம். இரும்புக் கையை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. கான்கிரீட் தளம் போட்ட சொந்த இடமென்றால் மேலிருந்து தொங்கவிடுவது ரொம்ப வசதி. 8-க்கு 4 அடி பிளைவுட்டைத் திருப்பும்போது எதுவும் இடிக்காது. ஆனால் மெஷினை அப்புறம் ஓர் அடிகூட நகர்த்த முடியாது. வாடகை வீட்டில் தளத்தில் துளை போட ஓனர் விடமாட்டார். தகர ஷெட்டில் பிடிமானமே கிடைக்காது. மேஜை ஓரத்தில் பொருத்தும் மாடல்தான் பலருக்கும் ஒத்துவரும். அதிலும் பிளேடிலிருந்து மேஜையின் வலது ஓரம் வரை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்க. கையின் நீளம் போதாமல், கூண்டு பிளேடுக்கு நேராக வராமல் போனால் காசு தண்டம்.

கூண்டைத் தட்டிப் பாருங்க, கையை ஆட்டிப் பாருங்க

கூண்டு பாலிகார்பனேட்டா, அக்ரிலிக்கா என்று கேளுங்கள். இரண்டும் பார்க்க ஒரே கண்ணாடி மாதிரிதான் இருக்கும். மரத்துண்டோ உடைந்த பல்லோ வேகமாக வந்து மோதினால் அக்ரிலிக் விரிசல் விட்டுச் சிதறும். பாலிகார்பனேட் வளைந்து தாங்கும். கீறல் சீக்கிரம் விழும் என்பது அதன் குறை. தின்னர் போட்டெல்லாம் துடைக்காதீங்க, மங்கிப் போகும்.

அடுத்து, கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்க. ஒரு பலகை தவறி இடித்தால் கூண்டு பிளேடு மேலேயே போய் விழுமா என்பதுதான் சோதனை. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, 45 டிகிரி சாய்த்தும் பார்க்கணும். நேராக நிற்கும்போது இடம் விட்டு நின்ற பிளேடு, சாய்ந்ததும் கூண்டின் சுவரை உரசலாம்.

உயரத்தைச் சரிசெய்வதில் இரண்டு வகை இருக்கு. ஒன்று, பலகை வந்து முட்டியதும் தானாக மேலேறி, போனதும் தானாக இறங்குவது. இன்னொன்று, நாம் திருகி ஓர் உயரத்தில் பூட்டி வைப்பது. விதவிதமான தடிமனில் வெட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு முதல் வகைக்குத்தான். பூட்டி வைக்கும் வகையை ஒருமுறை உயரத் தூக்கினால், அடுத்து மெல்லிய பலகை வரும்போது இறக்க மறந்துபோகும். பலகைக்கும் கூண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அது கார்டே இல்லை.

கார்டை மறுபடி மூலைக்கு அனுப்பும் வில்லன் ஒன்று உண்டு. அது ரீப்பர், பீடிங் மாதிரி ஒல்லியான வெட்டுகள். பலகை சாய்ந்து நகர்வதற்கு `ஃபென்ஸ்' என்று நீளமான தடுப்பு இருக்கும் இல்லையா? 20 மி.மீ அகலத்துக்கு அறுக்கணும் என்றால் அந்தத் தடுப்பு பிளேடை ஒட்டி வந்து நிற்கும். அகலமான கூண்டு அதில் போய் இடிக்கும். கூண்டை இடது பக்கம் நகர்த்த முடிகிற மாடல், அல்லது இடது வலது சுவர்கள் தனித்தனியாக உயரும் மாடல் இந்த இடத்தில் கைகொடுக்கும். உயரம் குறைவான இன்னொரு கட்டையை ஃபென்ஸோடு சேர்த்து முடுக்குவதும் ஒரு வழி. பலகையைத் தள்ள அப்போது விரல் வேண்டாம், தள்ளுகட்டை போதும். பீடிங்தான் உங்க பிரதான வேலை என்றால், கடையில் இந்த ஒரு விஷயத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

விரலுக்கு மட்டுமில்ல, நுரையீரலுக்கும்!

ஓவர்ஆர்ம் வாங்குகிறவர்களில் பலர் உண்மையில் தூசிக்காகத்தான் வாங்குகிறார்கள். மேஜைக்கு அடியில் என்னதான் உறிஞ்சினாலும், மேலே வரும் பற்கள் ஒரு பங்குத் தூளை நேராக நம் முகத்துக்கே வீசும். கூண்டில் குழாய் மாட்ட வழி இருந்தால் அதை அங்கேயே இழுத்துவிடலாம். மரத்தூசியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே `மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் 2004-ல் அதே பிரிவுக்குக் கொண்டுவந்தது. குழாயின் வாய் 4 இன்ச் என்றால் வீட்டு வேக்கம் கிளீனர் போதாது, பெரிய டஸ்ட் கலெக்டர் வேண்டும். இரண்டரை இன்ச் என்றால் பட்டறை வேக்கம் ஓரளவு சமாளிக்கும். பலகையின் ஓரத்தை மட்டும் சீவும்போது கூண்டின் ஒரு பக்கம் திறந்தே இருக்கும், தூசி தப்பிக்கும். மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கூண்டு செய்யாத ஒரு வேலையையும் தெரிந்துகொள்ளணும். அறுபட்ட பலகை இறுகி பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வினால், மேலெழும் பற்கள் அதைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். இதுதான் கிக்பேக். பலகை பறக்கும்போது கை பிளேடு பக்கம் இழுபடுவதும் உண்டு. இதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் `ரைவிங் நைஃப்' என்ற மெல்லிய தகடு. அது பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும். பலகை இறுகவிடாது. `மேலேதான் ஓவர்ஆர்ம் இருக்கே' என்று இந்தத் தகட்டைக் கழற்றுவது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிரேக்கைக் கழற்றுவது மாதிரி. தகடே இல்லாத பழைய மெஷின் என்றால், முதல் செலவு அதற்குத்தான்.

`தொட்டா நிக்கிற மெஷின் வந்துடுச்சே ப்ரோ' என்று கேட்கலாம். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-ல் உருவாக்கிய சாஸ்டாப் தொழில்நுட்பம், சதை பட்டதும் 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால், பலகை பறப்பதையும் தூசி பறப்பதையும் அது நிறுத்தாது. அதே நிறுவனம் தன் மெஷின்களுக்கு மேலிருந்து தூசி இழுக்கும் ஓவர்ஆர்மையும் விற்கிறது.

பக்கத்து வெல்டிங் கடையில் சதுர பைப் கொடுத்து நாமே செய்துகொள்ளலாமா? செய்யலாம். ஆனால் மேலே சொன்ன ஆட்டச் சோதனையில் அது பாஸாகணும். கடையில் வாங்கியதோ கையால் செய்ததோ, முதல் முறை மாட்டியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடை உச்சிக்கு ஏற்றி, ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி முழுச் சுற்று சுற்றிப் பாருங்க. நேராக ஒருமுறை, 45 டிகிரியில் ஒருமுறை. எங்கேயும் `கிரீச்' கேட்கலைன்னா பிளக்கை மாட்டலாம்.