நர்ஸ் படிச்சா மயக்க ஊசி போடலாமா? பிளஸ் டூ முடித்தவர்கள் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கம் பஸ் ஸ்டாப் சுவர்களில் பாராமெடிக்கல் விளம்பரங்கள் வரிசை கட்டிவிடும். "ஆபரேஷன் தியேட்டர் வேலை", "மயக்கவியல் படிப்பு", "வெளிநாட்டில் லட்சங்களில் சம்பளம்" என்று வாசகங்கள் இழுக்கும். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்கள் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று யூடியூப் வீடியோக்கள் சொல்கின்றன. அதுவும் பொய் இல்லை.

ஆனால் இந்த இரண்டும் ஒரே படிப்பு இல்லை. ஒன்றை நினைத்து இன்னொன்றில் சேர்ந்தால், தறிக் கூலியில் சேர்த்த பணமும் பிள்ளையின் மூன்று நான்கு வருஷமும் திரும்பி வராது. எது எந்தப் படிப்பு, எப்படிச் சேர்வது, சேர்ந்த பிறகு என்ன நடக்கும்? பார்க்கலாம்.

மயக்க மருந்து கொடுப்பது யார்?

ஆபரேஷன் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கத்தி பிடிக்கும் சர்ஜன்தான். ஆனால் ஆபரேஷன் நடக்கும் நேரம் முழுக்க நோயாளியின் மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் தலைமாட்டில் நிற்கும் மயக்கவியல் டாக்டர்.

இந்தியாவில் அந்தப் பொறுப்பு டாக்டருடையது. எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் 3 ஆண்டு எம்.டி. மயக்கவியல் அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவர்கள் இதைச் செய்கிறார்கள். நர்ஸ் ஒருவர் தனியாக மயக்க மருந்து கொடுக்க உரிமம் தரும் பதவி நம் நாட்டில் இல்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்தாலும், தியேட்டரில் 20 வருஷம் வேலை பார்த்தாலும் இதுதான் நிலை.

மயக்கவியல் டாக்டர்களுக்குப் பற்றாக்குறை இருக்கிறதே, நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன என்ற கேள்வி வரலாம். கிராமப்புறங்களில் அவசர சிசேரியனுக்கு மயக்கவியல் டாக்டர் கிடைக்காத நிலை வந்தபோது, மத்திய அரசு எம்.பி.பி.எஸ். டாக்டர்களைத்தான் தேர்ந்தெடுத்தது. உயிர்காக்கும் மயக்கவியல் திறன் பயிற்சி என்ற பெயரில் அவர்களுக்காக 18 வாரப் பயிற்சி உருவாக்கப்பட்டது. இந்தியாவின் கொள்கை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

அங்கே வரலாறே வேறு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டப்பட்டது. ஆரம்ப காலத்தில் மயக்கம் கொடுப்பதைத் தனித் துறையாக எடுத்துக்கொள்ள டாக்டர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அந்த இடத்துக்கு நர்ஸ்கள் வந்தார்கள். 1877-ல் பென்சில்வேனியாவில் பணியாற்றிய சிஸ்டர் மேரி பெர்னார்ட் இவர்களில் முதல்வராகக் குறிப்பிடப்படுகிறார். 1931-ல் அகதா ஹாட்ஜின்ஸ் என்ற நர்ஸ் இவர்களுக்கென்று தேசிய சங்கம் தொடங்கினார்.

இன்று அங்கே இது சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தனிப் பதவி. சுருக்கமாக சிஆர்என்ஏ என்பார்கள். பிரான்ஸ், சுவீடன், நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளிலும் மயக்கவியல் நர்ஸ்கள் உண்டு. எவ்வளவு தூரம் தனித்துச் செயல்படலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

அப்போ இங்கே என்ன படிக்கலாம்?

மயக்கவியல் துறையில் வேலை பார்க்க ஆசைப்படும் பிளஸ் டூ மாணவருக்குத் தமிழ்நாட்டில் நேரடியாக இருப்பது பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு இது. 3 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு இன்டர்ன்ஷிப், ஆக மொத்தம் 4 ஆண்டு.

இதைப் படித்தவர் நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. அவர் அனஸ்தீசியா டெக்னாலஜிஸ்ட். காலையில் முதல் கேஸ் தியேட்டருக்குள் வரும் முன்பே இவருடைய வேலை தொடங்கிவிடும். தியேட்டரில் இன்றும் பலர் 'பாயில்ஸ் மெஷின்' என்று சொல்லும் மயக்கக் கருவியில் கசிவு இருக்கிறதா, ஆக்சிஜன் வருகிறதா, மாற்று சிலிண்டர் தயாரா, சக்‌ஷன் இழுக்கிறதா, மானிட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது சரியான அளவு டியூபை சரியான நொடியில் டாக்டர் கையில் கொடுக்க வேண்டும்.

டாக்டரின் கண்காணிப்பில் உதவுவதுதான் இந்த வேலை. மருந்தைத் தீர்மானிப்பதும் கொடுப்பதும் டாக்டர் பொறுப்பு. "இந்தக் கோர்ஸ் முடிச்சா நீங்களே மயக்க ஊசி போடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

விண்ணப்பிப்பது எப்படி?

அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், ரேடியாலஜி, டயாலிசிஸ், அனஸ்தீசியா எல்லாம் பாராமெடிக்கல் பட்டப்படிப்புகள் என்ற ஒரே அறிவிப்பில்தான் வந்துகொண்டிருக்கின்றன. பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகு ஆன்லைனில் விண்ணப்பம் திறக்கும்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் சேர்த்துப் படித்திருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலின் தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே போடப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் 2021-ல் வந்த தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், பொது நுழைவுத் தேர்வுக்கும் பொதுக் கலந்தாய்வுக்கும் இடம் வைத்திருக்கிறது. அதனால் அக்கா போன வருஷம் சேர்ந்த முறையை வைத்துத் தம்பி முடிவு செய்யக் கூடாது. அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டை முழுக்கப் படிக்க வேண்டும்.

கலந்தாய்வில் ஒரு சின்ன சூட்சுமம். பலரும் கல்லூரி பெயரை மட்டும் பார்த்து இடம் எடுப்பார்கள். இந்தப் படிப்பைப் பொறுத்தவரை கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைதான் முக்கியம். ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன், குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை எல்லா வகை கேஸும் வருகிறதா, ஐசியூ இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேஸ் பார்க்காமல் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்குத் தியேட்டரில் கை நடுங்கும்.

இந்த விஷயத்தில் சோமனூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-ல் தொடங்கியது. சிங்காநல்லூர் பக்கம் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி, எதிர்த்திசையில் 2022-ல் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, இவை போகப் பெரிய தனியார் மருத்துவமனைகள் என எல்லாமே பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வரும் தூரம். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷ கோர்ஸ் போதுமா?

அனஸ்தீசியா டெக்னீஷியன் என்ற ஓராண்டு சான்றிதழ் படிப்பும் தமிழ்நாட்டில் இருந்து வருகிறது. சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய குடும்பச் சூழல் உள்ளவர்கள் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள். அது தப்பும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

2021 சட்டப்படி இணைநிலை சுகாதாரப் பணியாளர் என்று பதிவு பெற, 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட பட்டயம் அல்லது பட்டம் வேண்டும். சுகாதாரத் தொழில் வல்லுநர் என்ற அடுத்த நிலைக்கு, 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டம் வேண்டும். இந்தச் சட்டத்தின் அட்டவணையில் அறுவை சிகிச்சை மற்றும் மயக்கவியல் சார்ந்த தொழில்நுட்பப் பணியும் இடம்பெற்றிருக்கிறது.

ஓராண்டு படிப்பு இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. இன்று ஒரு நர்சிங் ஹோமில் வேலை கிடைக்கலாம். நாளை பதிவு எண் கேட்கும்போது என்ன செய்வது? சேரும் முன் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

முதல் வருஷம் எப்படி இருக்கும்?

சேர்ந்த உடனே தியேட்டருக்குள் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று அடிப்படைப் பாடங்கள் முதலில் வரும். மருந்தியலும் மயக்கக் கருவிகளும் அடுத்தடுத்து வரும். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாசம் சிரமம்தான். கோடை விடுமுறையிலேயே உடல் உறுப்புகள், நோய்கள், கருவிகளின் ஆங்கிலப் பெயர்களை எழுதி எழுதிப் பழகியவர்களுக்குப் பாதி பாரம் குறையும்.

உடல் ரீதியாகவும் தயாராக வேண்டும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நைட் டியூட்டி வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு அவசர சிசேரியன் வரும். ரத்தத்தோடும் ஊசியோடும் புழங்கும் வேலை என்பதால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா போவதே லட்சியம் என்றால்?

அந்த வழி பி.எஸ்சி. நர்சிங்கில்தான் தொடங்குகிறது. அனஸ்தீசியா டெக்னாலஜி படித்துவிட்டு சிஆர்என்ஏ ஆக முடியாது. பல குடும்பங்கள் தெரியாமல் தடம் மாறும் இடம் இதுதான்.

முதலில் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர்கள் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்க வேண்டும். பிறகு தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு, ஐசியூ அனுபவம். அதன்பின் என்கிளெக்ஸ் தேர்வு. இதை இந்தியாவிலேயே எழுதலாம். ஆங்கிலத் தேர்வும், சான்றிதழ் மதிப்பீடும், அமெரிக்க நர்ஸ் உரிமமும் இதோடு சேரும்.

அமெரிக்க மயக்கவியல் கல்லூரிகள் கேட்கும் குறைந்தபட்ச அனுபவம், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டு முழுநேர வேலை. பல கல்லூரிகள் அது அமெரிக்க ஐசியூவாகவே இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே வேலைக்குப் போக கிரீன் கார்டு வழியில் விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்குக் காத்திருப்பே சில வருஷங்கள் ஆகிவிடும்.

படிப்பு குறைந்தது 36 மாதம். 2022 முதல் சேருபவர்கள் அனைவருக்கும் இது முனைவர் நிலைப் படிப்பு. 600 கேஸ்கள், 2,000 மணி நேர மருத்துவப் பயிற்சி என்பது குறைந்தபட்ச அளவு. படிக்கும்போது வேலை பார்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பல பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். கடைசியில் தேசியச் சான்றிதழ் தேர்வு.

கூட்டிப் பார்த்தால், இன்று 17 வயதில் பிளஸ் டூ முடித்தவர் அந்தப் பதவிக்கு வரும்போது 30 வயதைத் தாண்டியிருப்பார். முடியாத விஷயம் இல்லை. ஆனால் "நாலு வருஷத்தில் அமெரிக்கா" என்பது விளம்பரக் கணக்கு.

இந்தியாவிலேயே இருந்து மேலே போக நினைக்கும் நர்ஸ்களுக்கு, இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. 2 ஆண்டு, முதுநிலைப் படிப்பு. அதுவும் மயக்க மருந்து கொடுக்கும் உரிமம் இல்லை, ஐசியூ பணிக்கானது. டெக்னாலஜி படித்தவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகலாம். அதற்கு டேட்டாஃபுளோ சான்றிதழ் சரிபார்ப்பு, புரோமெட்ரிக் போன்ற தேர்வு, பணி அனுபவம் தேவைப்படும். ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வங்கிக் கல்விக் கடனில், மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வாங்க வழி உண்டு. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் சேர்ந்தால் இந்த உதவிகளும் கைக்கு வராது என்பதை மறக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? அறக்கட்டளை, அகாடமி என்று பதில் வந்தால் உஷார்.

2. இந்த ஆண்டுக்கான அனுமதிக் கடிதம் இருக்கிறதா? பழைய கடிதத்தைக் காட்டினால் ஏற்க வேண்டாம்.

3. பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே மாதம் எத்தனை ஆபரேஷன்?

4. படிப்பு மொத்தம் எத்தனை மணி நேரம்? 2021 சட்டப்படி பதிவு செய்ய முடியுமா?

5. இடையில் விலகினால் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா? சேரும்போது நகல் மட்டும் கொடுக்க முடியுமா?

இந்த ஐந்துக்கும் வாய்ச்சொல்லாக இல்லாமல் காகிதத்தில் பதில் வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் அட்மிஷன் போட வேண்டாம். "இன்னைக்கே கட்டினால் சலுகை" என்று அவசரப்படுத்தினாலும், தேர்வுக் குழுவின் கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.