நாய்க்கடி ஊசியும் நூறு எலிகளும்

திருவொற்றியூரில் தெருநாய் கடித்துவிட்டால் முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவது. அடுத்தது அரசு மருத்துவமனை. ஸ்டான்லியில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால், இரண்டு தோளிலும் தோலுக்குள்ளேயே 0.1 மில்லி வீதம் ஊசி போடுவார்கள். போட்ட இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பினால் மருந்து சரியாக இறங்கியிருக்கிறது என்று பொருள். கடிபட்ட அன்று தொடங்கி 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடி வரவேண்டும்.

அந்தக் குப்பியில் உள்ள மருந்துக்கு வீரியம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பேட்ச் மருந்தையும் சோதிக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்தச் சோதனையைச் சுமப்பவை சுண்டெலிகள்.

சோதனை இப்படி நடக்கும். மருந்தை வெவ்வேறு அளவில் நீர்க்கவைத்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எலிகளுக்குப் போடுவார்கள். 14ஆம் நாள், உயிருள்ள ரேபிஸ் வைரஸை 0.03 மில்லி எடுத்து நேரே மூளைக்குள் செலுத்துவார்கள். அடுத்த இரண்டு வாரம் கண்காணிப்பு. பாதுகாப்புக் கிடைக்காத எலிக்கு மயிர் சிலிர்த்துக்கொள்ளும், முதுகு கூனும், உடல் நடுங்கும், பிறகு பின்னங்கால்கள் விழுந்துவிடும். வீரியம் தெரிந்த மாதிரி மருந்தோடு ஒப்பிட்டு, எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்று கணக்கிடுவார்கள். ஒரு சோதனைக்கு நூறு எலிகளுக்கும் மேல் தேவைப்படும்.

இதைக் கேட்டு மனம் பதைக்காதவர் குறைவு. ஆனாலும் 'உடனே நிறுத்து' என்று என்னால் எழுத முடியவில்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே வடசென்னையின் பழைய ஆட்கள் முகம் மாறுவது இந்த நோயால்தான். வீரியம் குறைந்த ஒரு பேட்ச் வெளியே போனால், கடிபட்ட பிள்ளை உயிரையே விலையாகக் கொடுக்கும்.

ஆகவே, விலங்கா மனிதரா என்று மொத்தமாகக் கேட்பது உதவாது. இந்தச் சோதனைக்கு இந்த விலங்கு இன்றும் தேவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் 1959இல் சொன்ன வழியும் இதுதான்: மாற்று இருந்தால் மாற்று, இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறை, அதற்குமேல் நோவைத் தணி. பக்கவாதம் தெரிந்ததுமே எலியை வலியில்லாமல் முடித்துவிடுவது மூன்றாவதில் சேரும். சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடியதன் பயனாக வந்த 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும், முடிந்த இடத்திலெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது.

மாற்றம் நடக்கும் என்பதற்கு இதே ஊசியே சாட்சி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. ஆட்டின் மூளைக்குள் வைரஸை ஏற்றி, நோய் முற்றியதும் கொன்று, மூளையை அரைத்து, பீனால் சேர்த்து எடுப்பார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இப்படித்தான் தயாரித்தார்கள். அந்த மருந்தில் கலந்திருந்த நரம்புத் திசு, போட்டுக்கொண்ட சிலருக்கே பக்கவாதத்தைக் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே கைவிடச் சொன்னது; இந்தியாவில் அது நின்றது 2004இன் இறுதியில். இன்றைய மருந்துகளில் பலவற்றுக்கு வைரஸ் வெரோ செல்லில் வளர்கிறது. 1962இல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த அந்தச் செல்கள், இன்றுவரை ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

ஆடு போய்விட்டது, எலி மட்டும் ஏன் நிற்கிறது? எலிச் சோதனை துல்லியமானதும் அல்ல. உண்மையான வீரியம் கணக்கிட்டதில் கால்பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம். அவ்வளவு தடுமாற்றத்தை ஐரோப்பிய மருந்து விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. எலைசா என்ற ஆய்வகச் சோதனை, வைரஸின் மேலுறையில் உள்ள புரதம் சரியான வடிவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லிவிடும். நம் உடல் எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்வதும் அந்தப் புரதத்தைப் பார்த்துத்தான்.

இந்தியாவில் விதிகளும் நகர்கின்றன. அழகுப் பொருட்களுக்கு விலங்குச் சோதனை 2014இல் தடையானது. காய்ச்சல் உண்டாக்கும் மாசு இருக்கிறதா என்று ஊசிமருந்தை முயலுக்கு ஏற்றிப் பார்த்த சோதனைக்கு, 2018ஆம் ஆண்டு இந்திய மருந்துக் கோவை மாற்று கொடுத்தது. புதிய மருந்துகளுக்கு விலங்கில்லாச் சோதனை முறைகளை 2023இல் மத்திய அரசு அனுமதித்தது.

ரேபிஸ் ஊசியில் மிச்சமிருப்பது உழைப்பும் செலவும். ஒவ்வொரு நிறுவனமும் தன் மருந்தை இரண்டு முறையிலும் ஒரே நேரத்தில் சோதித்து, எலைசா மோசமான பேட்சைத் தப்பவிடாது என்று காட்ட வேண்டும். ஏற்றுமதி செய்தால் வாங்கும் நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கும் கொஞ்ச காலம் எலிகள் சாகும். அதை ஏற்கிறேன். எப்போது நிறுத்துவோம் என்று தேதி குறிக்காமலே தொடரும் சோதனையை ஏற்க முடியவில்லை.