கடல் கடக்கும் படைவீரர் குடும்பம்

திருவனந்தபுரத்தில் பாங்கோடு என்றதும் படைமுகாமே நம் நினைவிற்கு வருகிறது. திருவிதாங்கூர் அரசர்களின் நாயர் படையோடு நெடுங்காலத் தொடர்புடைய இடம் அது. அப்படையின் இரு பிரிவுகள் 1954 ஆம் ஆண்டில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம், பதினாறாம் பட்டாளங்களாயின. விமானப் படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகமும் 1984 முதல் இந்நகரில் உள்ளது. ஆகவே, நெல்லையிலும் குமரியிலும் மதுரையிலும் பிறந்த தமிழ்க் குடும்பங்கள் பல, படைப்பணியின் பொருட்டு இங்கு வந்து வாழ்கின்றன. அத்தகைய குடும்பத்திற்கு ஒரு நாள் வெளிநாட்டுப் பணி ஆணை வருகிறது. அப்போது செய்ய வேண்டுவன யாவை? நாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அறிய வேண்டுவது, குடும்பம் உடன் செல்லலாமா என்பதே. ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் நம் வீரர்கள் 1956 இல் காசாவிற்கும், 1960 இல் காங்கோவிற்கும், 1998 இல் லெபனானுக்கும் சென்றனர். இத்தகைய படைப்பிரிவுப் பணிக்கு வீரர் தனியே செல்வதே முறை; குடும்பம் தாய்நாட்டிலேயே தங்கும். தூதரகப் படை ஆலோசகர் அலுவலகம் போன்ற இடங்களுக்குச் செல்பவரோ, அரசின் இசைவுடன் மனைவி மக்களை அழைத்துச் செல்லலாம். ஆணையில் இது தெளிவாக உள்ளதா என்று பார்த்த பின்னரே வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்க வேண்டும்.

அரசுப் பணிக்காகச் செல்வோருக்கு வெள்ளை உறையிட்ட அலுவல் கடவுச்சீட்டு வழங்கப்பெறும். உடன் செல்லும் மனைவிக்கும், சார்ந்து வாழும் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கிடைக்கும். நீல உறையிட்ட சாதாரணக் கடவுச்சீட்டு வேறு, இது வேறு. இதற்கான விண்ணப்பம் படை அலுவலகத்தின் வழியே செல்வதால், குடும்ப விவரங்கள் பணிப் பதிவேட்டில் உள்ளவாறே இருத்தல் இன்றியமையாதது.

இவ்விடத்தில்தான் தமிழ்க் குடும்பங்கள் பெரிதும் இடர்ப்படுகின்றன. நம்முடைய பெயர் வழக்கம் தனித்தன்மை வாய்ந்தது. தமிழ்நாட்டுச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னே நிற்கும். கேரளச் சான்றிதழில் அது பெரும்பாலும் பெயருக்குப் பின்னே வரும். மணமான பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் எழுத்து இருக்கும். ஆதாரில் கணவரின் எழுத்து இருக்கும். கடவுச்சீட்டோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. முழுப் பெயராக விரித்து எழுதக் கேட்கிறது. அவ்வாறு விரிக்கும்போது ஒரே பெண்மணி மூன்று தாள்களில் மூன்று பெயருடையவராகத் தோன்றுகிறார். ஆதலின், ஆணை வருமுன்பே எல்லாத் தாள்களையும் அருகருகே வைத்துச் சரிபார்த்தல் நலம். வீரரின் பணிப் பதிவேட்டில் திருமணமும் பிள்ளைப் பேறும் முறைப்படி ஏறியுள்ளனவா, எழுத்துப் பிழை உண்டா என்பதை அலுவலக எழுத்தரிடம் கேட்டறிய வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தோரின் ஆவணங்கள் நீலகிரியிலுள்ள வெலிங்டனில் பேணப்படுகின்றன. அங்கு எழுதித் திருத்தம் பெறுவதற்குக் காலம் ஆகும்.

அடுத்தது சான்றிதழ்களின் உறுதிப்பாடு. ஒரு நாட்டின் சான்றிதழைப் பிற நாடுகள் ஏற்பதற்கான ஹேக் உடன்பாட்டில் இந்தியா 2005 ஆம் ஆண்டு சேர்ந்தது. அவ்வுடன்பாட்டு நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதுமானது. ஆனால் அதற்குமுன், சான்றிதழை வழங்கிய மாநிலத்தின் உறுதிப்பாடு பெரும்பாலும் வேண்டப்படும். பிள்ளை கேரளத்தில் படித்திருந்தால், திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள நோர்க்கா ரூட்ஸ் உதவும். தாயின் பட்டம் பாளையங்கோட்டையில் பெற்றதாயின், அது தமிழ்நாட்டு அரசு அலுவலகத்திற்கே செல்ல வேண்டும். இரு மாநிலங்களில் வாழ்ந்த குடும்பத்திற்கு இரு வாயில்கள் உண்டு என்பதை மறத்தல் கூடாது.

பிள்ளைகளின் கல்வியே பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது. இடமாற்றத்திற்குரிய மத்திய அரசுப் பணியாளரின் மக்களுக்கென 1963 இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்கள் காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் ஆகிய நகரங்களிலும் நிறுவப்பட்டன. பிற நாடுகளிலும், குறிப்பாக வளைகுடாப் பகுதியில், மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகள் பல உள்ளன. எனினும் வாரியத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் நடைபெறுவதால், அதன்பின் இடையில் பள்ளி மாறுவது எளிதன்று. பத்தாம் வகுப்பில் ஒரு மகள் இருந்தால், தாயும் அவளும் ஓராண்டு பின்தங்குவதா, எல்லோரும் சேர்ந்தே செல்வதா? இதற்கு எந்த அலுவலகமும் விடை தாராது. மகளையும் அருகிருத்திப் பேசி முடிவு செய்வதே முறை. அவளறியாமல் எடுத்த முடிவு பின்னர் மனக்கசப்பாக வளரக்கூடும்.

முதியோரை நினையாமல் செல்வதும் இயலாது. ஊரிலுள்ள தந்தையின் நிலமோ வீடோ கவனிக்கப்பட வேண்டுமாயின், நம்பிக்கைக்குரிய உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். புறப்படுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்தல் எளிது. வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் உறுதி பெற்று, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. ஆதலால் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் மலையாள எழுத்தும் காணப்படும். கொல்லம் 1125 என்றால் 1949–50 என்று கொள்க. அவற்றைப் படித்துச் சொல்லும் பெரியவர் அருகிலிருக்கும்போதே குறிப்பெடுத்து வைப்பது அறிவுடைமை.

உடல்நலத்திலும் கருத்துச் செலுத்துவோம். ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் சிலவற்றிற்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்திற்குப் பத்து நாட்களுக்கேனும் முன்பு அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். 2016 முதல் அச்சான்றிதழ் ஆயுட்காலம் முழுதும் செல்லும். அங்கே குழந்தை பிறக்குமாயின், ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். அந்தப் பதிவே அதன் இந்தியக் குடியுரிமைக்கு அடிப்படை.

இறுதியாக ஒன்று. திருவனந்தபுரத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து, தெருவில் மலையாளம் பேசி, வீட்டில் மட்டும் தமிழ் பேசுகின்றனர். கடல் கடந்தபின் அவ்வீடு ஒன்றே தமிழ்நிலம். பெட்டியில் ஒரு தமிழ் வாசக நூலுக்கு இடம் ஒதுக்குவோம். வாரம் ஒரு முறை பாட்டிக்குத் தம் கையால் தமிழில் ஒரு கடிதம் எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோம். எழுத்துப் பிழை மலிந்திருந்தாலும் அக்கடிதத்தைப் பாட்டி பலமுறை படிப்பாள். மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பும் பேரன் அவளோடு தடையின்றிப் பேசுவானாயின், அக்குடும்பம் எதையும் இழக்காமல் ஊர் திரும்பியது என்று நாம் மகிழலாம்.