போனக்காட்டில் மழை பெய்கிறதா?

போனக்காட்டில் இப்போது மழை பெய்கிறதா என்று கைப்பேசியைக் கேட்டால், பெரும்பாலும் அது திருவனந்தபுரத்து வானத்தைப் பற்றித்தான் பதில் சொல்லும். கொஞ்சம் கெட்டிக்காரச் செயலியாக இருந்தால் விதுரா வரை வந்து நின்றுவிடும். அதற்கு மேலே காட்டுப் பாதையில் வளைந்து ஏறிப் போகும் பேருந்தோடு எந்தச் செயலியும் வருவதில்லை. அகத்தியமலையின் மேற்குச் சரிவில், பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை ஓய்ந்து பல காலம் ஆகிறது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இணையத்தில் போனக்காடு என்று தேடினால் முதலில் வந்து விழுவதோ பேய் பங்களா கதைகள்.

என் தாத்தா தாமிரபரணிக் கரையிலிருந்து இந்த மலைக்குக் கொழுந்து பறிக்க வந்தவர். நான் நகரத்தில் இணையதளங்கள் செய்து பிழைக்கிறேன். எனக்கென்று ஒரு சொந்தத் தளம் வைத்திருக்கிறேன். லயத்துப் படங்கள், அம்மா சொன்ன கதைகள், பழைய தோட்டத்து விவரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் மூலையில் ஊரின் வானிலையைக் காட்ட ஒரு சிறு பெட்டி வேண்டும் என்று நினைத்தேன். ஆயத்தமாகக் கிடைப்பதை ஒட்டாமல் நானே எழுதினேன். கணினி தெரிந்தவர்கள் இதைப் பிளக்இன் என்பார்கள்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் செருகிக்கொள்ளும் சிறு நிரல். இதற்கு இரண்டே கேள்விகள்தான். எந்த இடம்? அங்கே என்ன வானிலை? இரண்டுமே பார்ப்பதற்கு எளிதாக இருக்கின்றன.

இடத்தை எடுத்துக்கொள்வோம். பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்று அறிய உலாவிக்கு ஒரு வழி உண்டு. ஜிபிஎஸ், பக்கத்து வைஃபை, செல்பேசிக் கோபுரம் ஆகியவற்றை வைத்து அது கணக்குப் போடும். ஆனால் பார்வையாளரிடம் அனுமதி கேட்ட பிறகுதான் சொல்லும். குரோம் உலாவி 2016 முதல், பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளங்களுக்கு இருப்பிடத்தைத் தருவதே இல்லை. இன்னொரு வழி, இணைய முகவரி எண்ணைப் பார்த்து ஊகிப்பது. அதற்கு அனுமதி தேவையில்லை; ஆனால் அது பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்தின் கருவி எந்த நகரத்தில் இருக்கிறதோ அந்த நகரத்தைக் காட்டும். மலையில் இருப்பவரைக் கொச்சியில் கொண்டுபோய் வைக்கும். என் தளத்துக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. வருகிறவர் எங்கிருந்து வந்தாலும் போனக்காட்டைத்தான் காட்டப்போகிறேன். அவர் எங்கே இருக்கிறார் என்று நான் ஏன் கேட்கவேண்டும்? தேவையில்லாத இடத்தில் இருப்பிடம் கேட்கும் தளங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஊரின் பெயரைக் கொடுத்து இடம் தேடுவதையும் விட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் எங்கள் ஊரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எழுத்து மாறினால் பதிலும் மாறும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. போனக்காடு ஏறத்தாழ வடக்கே 8.7, கிழக்கே 77.2. புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர் துல்லியம். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர். நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர், அதாவது ஒரு வீட்டு வாசல். நார்வே நாட்டு வானிலை நிறுவனம் உலகத்துக்கே இலவசமாகத் தரவு தருகிறது. நான்கு இலக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள் என்று அதன் விதியே சொல்கிறது. வானிலைக்கு இரண்டு இலக்கம் தாராளம்.

சொந்தத் தளத்தில் வரைபடம் வைப்பவர்கள் இந்த இலக்கக் கணக்கை மனத்தில் வைத்தால் நல்லது. வீட்டின் முகவரியை நான்கு இலக்கத்தில் ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. படங்களுக்குள்ளும் இருப்பிடம் ஒளிந்திருக்கும்; கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் எடுத்த இடமும் கூடவே போகலாம். காட்டில் எடுத்த அரிய செடியின் படம் என்றால், பறித்துப்போக வருகிறவனுக்கு நாமே வழி சொன்னது போல் ஆகிவிடும். நான் ஏற்றும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்த விவரத்தை நீக்குவது என் தளத்தின் முதல் வேலை. லயங்களையும் பங்களாவையும் வரைபடத்தில் குறிக்கவில்லை. பேய் தேடி வருகிறவர்கள், ஆட்கள் குடியிருக்கும் வாசலில் நின்று படம்பிடிக்கிறார்கள்.

அடுத்தது வானிலை. இதில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டியில் தெரியும் வெப்பநிலையைப் போனக்காட்டில் யாரும் அளக்கவில்லை. உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சூப்பர் கணினி போடும் கணக்கு அது. அந்தக் கணக்கு முறையை மாதிரி என்பார்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி வெளியிடும் தரவில் ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிக்கு 9 கிலோமீட்டர். இந்தியா 2025 மே மாதத்தில் தொடங்கிய பாரத் முன்கணிப்பு அமைப்புக்கு 6 கிலோமீட்டர்.

27 கிலோமீட்டர் என்றால் என்ன என்று எங்கள் மலையில் வைத்துப் பாருங்கள். போனக்காட்டிலிருந்து நேர்கிழக்கே அவ்வளவு தூரம் போனால் பொதிகை எனப்படும் அகத்தியமலையின் முகட்டைத் தாண்டிப் பாபநாசத்தில் இறங்கிவிடலாம். அந்தப் பக்கத்து மலையில்தான் மாஞ்சோலையும் நாலுமுக்கும் ஊத்தும் இருக்கின்றன. டிசம்பர் மழைச் செய்திகளில் தமிழ்நாட்டு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் பெயர்கள். எங்கள் பக்கம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் குடை பிடித்தும் நனைகிற ஜூன் மாதத்தில், மலைக்குக் கிழக்கே நெல்லைச் சமவெளி வெயிலில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வரும்போது அந்தப் பக்கத்துக்கு யோகம். மேற்குச் சரிவு, 1868 மீட்டர் உயர முகடு, கிழக்குச் சரிவு மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் வரும் எண் எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

வெப்பநிலையை ஓரளவு சரிசெய்ய முடியும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கடலோரத்துத் திருவனந்தபுரத்துக்கும் அகத்தியமலை முகட்டுக்கும் இப்படிப் பார்த்தால் சுமார் 12 டிகிரி வித்தியாசம். நான் பயன்படுத்தும் ஓபன்-மீட்டியோ என்ற சேவை, வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசமாகத் தரவு தருகிறது. 90 மீட்டர் நுட்பமுள்ள உயர வரைபடத்தை வைத்து இந்தத் திருத்தத்தைத் தானே செய்தும் கொடுக்கிறது. மழைக்கு அப்படியொரு எளிய திருத்தம் கிடையாது. ஒரு சரிவில் கொட்டுவது அடுத்த சரிவில் தூறலாகிவிடும்.

இடத்துக்கு இடம் அளவு மாறும் என்பதைக் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே உணர்ந்த ஒருவர் எங்கள் மலையில் ஏறியிருக்கிறார். சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் தொடங்கினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரூன்தான் மலையேறியவர். நகரத்தில் எடுக்கும் அளவுகள் மட்டும் அவருக்குப் போதவில்லை. 1850களில் அகத்தியமலையின் உச்சியிலேயே இன்னொரு ஆய்வுக்கூடம் கட்டினார். இன்று கேரள வனத்துறையின் அனுமதியோடு நடைபயணம் போகிறவர்கள் போனக்காட்டிலிருந்துதான் புறப்படுகிறார்கள். வழியில் அதிருமலையில் தங்கி மறுநாள் உச்சிக்குப் போகவேண்டும். வெறுங்கையோடு ஏறுவதற்கே மூச்சு வாங்கும் அந்த மலையில் கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் தூக்கிப் போயிருக்கிறார்கள் அந்தக் காலத்து ஆட்கள். நகரத்திலும் உச்சியிலும் எடுத்த காந்த அளவுகளைத் தொகுத்து 1874இல் புரூன் நூலாக வெளியிட்டார். கீழே எடுத்த எண்ணை மேலே ஒட்டக்கூடாது என்பதற்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். என் பெட்டியை எழுதும்போது அவர்களை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

ஆகவே பெட்டியில் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி வைத்தேன்: இது கணினிக் கணிப்பு, இன்ன மாதிரியிலிருந்து, இத்தனை மணிக்கு எடுத்தது. இந்த வரி இல்லாத வானிலைப் பெட்டியை நான் நம்புவதில்லை.

நேரத்தை எழுதுவதிலும் கவனம் வேண்டும். தரவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நாள் முழுதும் பெய்த மழை என்று அங்கே கூட்டிக் கொடுத்தால், அது நமக்கு அதிகாலை ஐந்தரையிலிருந்து மறுநாள் ஐந்தரை வரை. இந்திய வானிலைத் துறையோ காலை எட்டரைக்கு எட்டரை கணக்கெடுக்கிறது. அதனால் நான் மணிக்கணக்கு மழையை வாங்கி, எட்டரைக்கு எட்டரையாக நானே கூட்டிக்கொள்கிறேன். அப்போதுதான் பக்கத்து மழைமானிகளோடு ஒப்பிடலாம்.

ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் வெளிச் சேவையிடம் போய்க் கேட்கவும் கூடாது. ஜிஎஃப்எஸ் போன்ற மாதிரிகள் நாளுக்கு நான்கு முறைதான் புதிதாக ஓடுகின்றன. என் தளம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வாங்கிச் சேமித்து, எல்லோருக்கும் அதையே காட்டுகிறது. பார்வையாளரின் முகவரி எண்ணும் அந்நிய நிறுவனத்துக்குப் போவதில்லை. மலையில் சிக்னல் கிடைப்பதே அரிது என்பதால் பெட்டியில் படம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும்தான். வானிலைக்கு உலகம் முழுதும் பொதுவான குறியெண்கள் உண்டு: 45 என்றால் மூடுபனி, 51 என்றால் மெல்லிய தூறல், 95 என்றால் இடிமழை. அவற்றுக்கு நேரே ஊரில் சொல்வதையே எழுதினேன். 45க்கு ‘மூட்டம்’.

சேவைகள் நின்றுபோவதும் உண்டு. வெதர் அண்டர்கிரவுண்ட் தன் இலவசத் தரவை 2018 முடிவில் நிறுத்தியது. 2019 ஜனவரியில் யாகூ தன் பழைய தரவு வழியை மூடியது. ஆப்பிள் வாங்கிய டார்க் ஸ்கையின் தரவு வழி 2023 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. எத்தனையோ தளங்களில் பெட்டிகள் வெறுமையாகிப் போயின. தரவை வாங்கும் பகுதியையும் காட்டும் பகுதியையும் தனித்தனியாக எழுதி வைத்தால், ஒன்று போனாலும் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

நிறங்களில் மட்டும் யாரும் விளையாடவேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் இந்தியாவில் அரசின் எச்சரிக்கை நிறங்கள். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதிதீவிர கனமழை என்பது வானிலைத் துறையின் வரையறை. வெளிநாட்டு மாதிரி சொன்ன எண்ணுக்கு நான் சிவப்பு அடித்தால், லயத்தில் இருப்பவர் அதை அரசு எச்சரிக்கை என்று நினைப்பார். அடிக்காவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பார். இரண்டும் கேடு. என் பெட்டி ஒரே நிறம்தான். எச்சரிக்கைக்கு வானிலைத் துறையின் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன்.

பெட்டி ஓடத் தொடங்கிய பிறகு, ஊரில் இருக்கும் சித்தப்பா கூப்பிட்டார்.

“ஏ தாயீ, உன் பெட்டியில லேசா தூறல்னு போட்டிருக்கு. இங்க காலையிலேர்ந்து ஊத்துது.”

“அது கணக்கு சித்தப்பா. நீங்க அளந்து சொன்னா அதையும் போடுறேன்.”

அவருக்கு ஒரு மழைமானி வாங்கிக் கொடுத்தேன். மரத்துக்கும் கூரைக்கும் எட்டி, அவற்றின் உயரத்தைப் போல இருமடங்கு தூரத்தில் நட்டிருக்கிறார். காலை எட்டரைக்கு அளந்து, சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடந்து போய் எண்ணை அனுப்புகிறார். பெட்டியில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: கணித்தது, அளந்தது.

மலைத்தோட்டங்களுக்கு இந்த இரண்டாவது வரி எவ்வளவு முக்கியம் என்பதை வயநாடு காட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் மண் சரிந்தது. முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே 572 மில்லிமீட்டர் பெய்திருந்தது என்று கேரள முதல்வர் சொன்னார். கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் மாவட்டம் முழுதும் பரப்பி வைத்திருந்த சிறு மழைமானிகளிலிருந்து அளவுகளைத் திரட்டி, சரிவுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அங்கே இறந்தவர்களிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் பலர்.

தேயிலைத் தோட்டங்களில் தினமும் மழையை அளந்து பதிவேட்டில் எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. போனக்காட்டிலோ மாஞ்சோலையிலோ வால்பாறையிலோ, மூடிய ஆபீஸ் அலமாரியிலிருந்து அப்படியொரு பதிவேடு யார் வீட்டுக்காவது வந்து சேர்ந்திருந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை மணிக்கு அளந்தது என்பதையும், எண்கள் அங்குலமா மில்லிமீட்டரா என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.