கோஹன் வீட்டுக்கு ஒரு எட்டு!

1969-ல் வெளியான, கனடியக் கவிஞரும் பாடகருமான லியோனார்ட் கோஹனின் 'சாங்ஸ் ஃப்ரம் எ ரூம்' இசைத்தட்டு எங்காவது கையில் கிடைத்தால், முன்பக்கத்து முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள். அட்டையைத் திருப்புங்கள். ஆகா, ஒரு அறை! வெள்ளைச் சுவர், மரக்கதவு போட்ட ஜன்னல், சாதாரண மர மேஜை, அதன்மேல் ஒரு டைப்ரைட்டர். மேஜை முன்னால் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோஹனின் காதலி மரியான் ஈலன், நம் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். குளித்துவிட்டு வந்தவர் சும்மா நாலு எழுத்து தட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது. இந்தப் படம் எனக்கு அலுப்பதே இல்லை. எழுத்தாளர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அவர் அறைக்குள் நுழைந்துவிட்டோம் என்கிற குஷி அதில் இருக்கிறது.

அந்த அறை கிரேக்க நாட்டின் ஹைட்ரா தீவில் இருக்கிறது. வாருங்கள், உள்ளேயே போய்விடுவோம்!

ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகம். அங்கே படகு ஏறினால் சரோனிக் வளைகுடாவில் தெற்கே ஹைட்ரா. துறைமுகத்தில் கால் வைத்ததும் முதலில் காதுக்குத்தான் வேலை. கார் சத்தம் இல்லை, ஸ்கூட்டர் சத்தம் இல்லை. குப்பை லாரி மாதிரி ஒன்றிரண்டு ஊர்த்தேவை வண்டிகளைத் தவிர, இன்றும் அந்தத் தீவில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. பெட்டி படுக்கை, சிமென்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், எல்லாமே கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான் ஏறும். குதிரைலாடம் வடிவத்தில் துறைமுகம், நடுவில் மடாலயத்தின் பளிங்கு மணிக்கூண்டு, மூன்று பக்கமும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். வீட்டுக்குப் போக ஒரே வழி படிகள்.

எழுத்தாளர்கள் இங்கே வந்து குவிந்ததற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை, வாடகையும்தான். ஒரு காலத்தில் கப்பல் வணிகத்தில் பணத்தில் மிதந்த ஊர் இது. 1821-ல் கிரேக்க விடுதலைப் போர் வந்தபோது ஹைட்ராவின் கப்பல் தலைவர்கள் தங்கள் கப்பல்களை அப்படியே போருக்குக் கொடுத்தார்கள். அதன்பின் நீராவிக் கப்பல் காலம் வந்தது, பாய்மரச் செல்வம் போனது. கடற்பஞ்சு எடுக்கும் தொழில் கொஞ்ச காலம் கைகொடுத்தது. மக்கள் பிழைப்பு தேடிப் போகப்போக, பெரிய பெரிய கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1950-களில் பேனாவும் காலிப் பையுமாக வந்தவர்களுக்கு அவை மலிவாகக் கிடைத்தன.

கோஹன் வந்தது 1960 வசந்த காலத்தில். வந்த கதையே ஒரு சினிமா! மான்ட்ரியலில் பிறந்த இளம் கவிஞர், கனடா கலைக் கவுன்சில் கொடுத்த உதவித்தொகையோடு லண்டனில் தங்கி நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஹாம்ப்ஸ்டெட்டில் அவருக்கு இடம் கொடுத்த ஸ்டெல்லா புல்மன் என்ற அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார்: தினமும் மூன்று பக்கம் எழுதியாக வேண்டும்! (இலக்கிய வரலாற்றில் அந்த அம்மாளுக்கு யாராவது சிலை வைக்க வேண்டும், மனதாரச் சொல்கிறேன்.) ஒரு பச்சை ஒலிவெட்டி டைப்ரைட்டர், நீல நிற பர்பரி மழைக்கோட்டு, வெளியே ஓயாத மழை. ஒருநாள் பல் டாக்டரிடம் போய்விட்டு வரும் வழியில் கிரேக்க வங்கியின் கிளை ஒன்றுக்குள் நுழைகிறார். உள்ளே கவுன்டரில் இருந்தவருக்கு வெயில்பட்டுக் கறுத்த முகம், கண்ணில் கூலிங் கிளாஸ். 'உங்கள் ஊரில் இப்போது வானிலை எப்படி?' என்று கேட்டதற்கு, 'வசந்த காலம்' என்று பதில். அவ்வளவுதான், சில நாட்களில் கோஹன் கிளம்பிவிட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே வீடு வாங்கிவிட்டார். பாட்டி விட்டுச் சென்ற பணத்திலிருந்து 1,500 டாலர். டாலருக்கு 30 திராக்மா இருந்த நேரம் அது. கணக்குப் போட்டால் 45,000 திராக்மா. மலை மேட்டில், மூன்று தளம், தடித்த வெள்ளைச் சுவர்கள், ஒரு மாடி வெளி. மின்சாரம் கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கு. மழை பெய்தால் கூரையில் விழுவதை வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எனக்கு மிகப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று. குப்பை எடுக்கிறவர் கழுதையோடு முதல்முறை தன் வீட்டு வாசலுக்கு வந்ததும், கோஹனுக்கு ஒரே பூரிப்பு. ஊர் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் உலகம் கொடுத்த விருதுகளின் வரிசையில் இந்தக் கழுதையையும் நிறுத்தி வைக்கத் தோன்றுகிறது எனக்கு!

சரி, அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்? வெயில் ஏறுவதற்குள் எழுத்து. மூன்று பக்கக் கணக்கு தீவுக்கும் கூடவே வந்துவிட்டது. மரியானும் அவருடைய சின்ன மகனும் கோஹனோடு வாழ்ந்த நாட்களில், எழுதும் மேஜையில் தினமும் கார்டீனியா பூ ஒன்று இருக்கும். ஒரே ஒரு வெள்ளைப் பூ, அறை முழுக்க மணக்கும். மதியம் சத்தமில்லாமல் சாண்ட்விச் வந்து சேரும். பிறகு படி இறங்கிப் போய்ப் பாறைகளிலிருந்து கடலில் ஒரு குதி, ஒரு தூக்கம், சாயங்காலம் மறுபடி துறைமுகம். இந்த வரிசையில் எதுவுமே பெரிய விஷயம் இல்லை; ஒரு நாள் தவறாமல் நடந்தது என்பதுதான் விஷயம். ஆண்டுக்கு ஆயிரம் டாலர் சொச்சம் இருந்தால் அங்கே வாழ்ந்துவிடலாம். பணம் தீர்ந்தால் கனடாவுக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வருவார்.

இன்னொரு அதிசயம் கவனித்தீர்களா? அங்கே உட்கார்ந்து தீவைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை! லண்டனில் தொடங்கி ஹைட்ராவில் செதுக்கிய முதல் நாவல் 'த ஃபேவரிட் கேம்' (1963) மான்ட்ரியல் பையனின் கதை. இரண்டாவது, 'பியூட்டிஃபுல் லூசர்ஸ்' (1966), மறுபடி கனடாதான். அதே ஊரில் இருந்த ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜார்ஜ் ஜான்ஸ்டன், கார் இல்லாத இந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு தன் சிறுவயது மெல்போர்னைத் தெருத் தெருவாக நினைவிலிருந்து எழுதினார். அதுதான் 'மை பிரதர் ஜாக்'. 1964-ல் வெளிவந்து ஆஸ்திரேலியாவின் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதை வாங்கியது. தீவு இவர்களுக்குக் கதை கொடுக்கவில்லை. பொழுதைக் கொடுத்தது, மலிவு விலையில்.

கொடுத்ததில் ஒரு பெரும் பங்கு கட்சிகாஸ் மளிகைக் கடையுடையது. அந்தக் கடைக்குள் இப்போதே ஓட வேண்டும் போலிருக்கிறது! துறைமுகத்து ஓரம், சகோதரர்கள் நடத்திய கடை. முன்னால் எண்ணெய், ஆலிவ், மண்ணெண்ணெய், கயிறு. பின்கட்டில் சில மேஜைகள். வெளிநாட்டு எழுத்தாளர், ஓவியர் கூட்டம் முழுக்க அங்கேதான் ஒதுங்கும். கையில் காசு இல்லையா, பரவாயில்லை, கணக்கில் எழுதிக்கொள்வார்கள். புத்தகப் பணம் வருகிறபோது கொடுத்தால் போதும். பகல் படகு வரும் நேரமானால் எல்லோருக்கும் கழுத்து கடல் பக்கமே திரும்பியிருக்கும். ஏனென்றால் படகில்தான் தபால் வரும். தபாலில்தான் பதிப்பாளரின் செக் வரும், அல்லது திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி வரும். யார் முகம் மலர்ந்தது, யார் உறையைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்தார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். மரியானைக் கோஹன் முதலில் சந்தித்ததும் இந்தக் கடையில்தான். அவர் கூடையோடு சாமான் வாங்க நின்றிருந்தார். வாசலில் நின்ற கோஹன், 'வெளியே எங்களோடு வந்து உட்காருங்களேன்' என்று கூப்பிட்டார்.

அந்த வெளி மேஜையின் ராணி சார்மியன் கிளிஃப்ட். இனி கோஹன் கொஞ்சம் காத்திருக்கட்டும். எனக்கு இந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

ஜார்ஜ் ஜான்ஸ்டனின் மனைவி என்று சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். லண்டனில் நல்ல பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு இந்தத் தம்பதி 1954-ல் களிம்னோஸ் தீவுக்கு வந்தார்கள், மறு ஆண்டு ஹைட்ராவுக்கு. அங்கே கிணற்றை ஒட்டிய ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். கிளிஃப்ட் அப்போது நிறை கர்ப்பிணி. வீடோ பாதி ரிப்பேரில். 1956 ஏப்ரலில் மூன்றாவது பிள்ளை அந்தத் தீவிலேயே பிறந்தது. இதெல்லாம் நடுவில் அவர் எழுதிய புத்தகம்தான் 'பீல் மீ எ லோட்டஸ்' (1959). பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை மாதம் மாதமாகப் போகிறது. தண்ணீர்க் கவலை, கடன் கவலை, கொத்தனார், கோடைக்கு வந்து குவியும் வெளியூர்க் கூட்டம், பிள்ளைகள் ஊர்க் குழந்தைகளாகவே மாறிப்போகும் வேகம், எல்லாம் இருக்கிறது. தீவு வாழ்க்கையைச் சொர்க்கமாகப் பூசி மெழுகாமல் சொன்னவர் இவர்தான். அதனாலேயே படிக்கப் படிக்க அங்கே போக ஆசை கூடுகிறது!

கோஹன் வந்து இறங்கியதும் தங்க இடம் கொடுத்ததும், வீடு வாங்கியபோது கட்டில், மேஜை, பாத்திரம் என்று கொடுத்து உதவியதும் இந்த வீடுதான். காச நோயோடு ஜான்ஸ்டன் 'மை பிரதர் ஜாக்' எழுதிய மாதங்களில், கிளிஃப்ட் தினமும் அவருடைய மேஜைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். எழுதியதைக் கேட்டு, பேசி, அடுத்த பக்கத்துக்கு வழி திறந்துவிட்டு. அந்த நேரத்தில் அவருடைய சொந்த நாவல் நின்றுபோனது. ஊர் திரும்பிய பின் சிட்னி மார்னிங் ஹெரால்டில் வாராவாரம் எழுதிய கட்டுரைகளால் வாசகர்களின் செல்லமானார். ஆனால் 'தி எண்ட் ஆஃப் த மார்னிங்' என்ற அந்த நாவல் முடியவே இல்லை. 1969-ல் அவர் இறந்தார். முடியாத பிரதி 2024-ல்தான் அச்சேறியது. எனக்கு ஆறவில்லை. விருது வாங்கிய புத்தகத்தின் அட்டையில் அந்தப் படிக்கட்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கூட்டம் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது! 1960-ல் 'லைஃப்' பத்திரிகையின் படக்காரர் ஜேம்ஸ் பர்க் தீவுக்கு வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துத் தள்ளினார். பத்திரிகை அப்போது அவற்றை வெளியிடவில்லை. அவற்றில் ஒரு படத்தில், டூஸ்கோஸ் உணவகத்தின் மரத்தடியில் கோஹன் கிட்டார் வாசிக்கிறார். அவர் மேல் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார் கிளிஃப்ட். கோஹன் இசைத்தட்டு எதுவும் போடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு! அந்தப் பாட்டைக் கேட்டவர்களை நினைத்தால் பொறாமையில் எனக்கு வயிறு எரிகிறது.

'பியூட்டிஃபுல் லூசர்ஸ்' எழுதிய காலம் மட்டும் அமைதிக் கணக்கில் சேராது. வீட்டுக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில் மேஜை போட்டு, பாட்டரியில் ஓடும் ரெகார்ட் பிளேயரில் ரே சார்ல்ஸை ஓடவிட்டு, உறக்கம் விரட்டும் மாத்திரைகளோடு எழுதினார். ரெகார்டே வெயிலில் வளைந்துபோனது. முடித்ததும் உடம்பு படுத்தது. அதற்குப் பிறகு நடந்ததாக அவரே சொன்ன கதை: வானம் கறுக்கும் அளவுக்கு நாரைக் கூட்டம் வந்து, ஊர்க் கோயில் கூரைகளில் எல்லாம் தங்கி, விடிந்ததும் பறந்துபோனதாம்.

'பேர்ட் ஆன் த வயர்' பாட்டும் இந்த ஜன்னலிலிருந்துதான். தொலைபேசிக் கம்பி தீவுக்கு வந்து தன் ஜன்னலை மறைத்தபோது, பழைய வாழ்க்கை போயிற்றே என்று கோஹனுக்கு மனம் விட்டுப்போனது. கொஞ்ச நாளில் பார்த்தால் குருவிகள் கம்பியில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தன. சோர்ந்திருந்தவர் கையில் மரியான் கிட்டாரை எடுத்துக் கொடுத்தார்.

இன்றும் வீடு கோஹன் குடும்பத்திடம்தான் இருக்கிறது. உள்ளே விட மாட்டார்கள். விடவும் கூடாது, அது வீடு. அந்தத் தெருவுக்கு இப்போது அவர் பெயர். துறைமுகத்திலிருந்து காமினி போகும் கடலோரப் பாதையில் அவர் நினைவாக ஒரு பெஞ்ச் இருக்கிறது, உட்கார்ந்து கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும் வசதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிளிஃப்டின் 'பீல் மீ எ லோட்டஸ்' இப்போது மறுபதிப்பில் கிடைக்கிறது. பிப்ரவரியில் தொடங்குங்கள், வீடு வாங்கும் களேபரம் அங்கேதான். ஏப்ரல் வருவதற்குள் ஊர்க் கிழவிகள் எல்லோரும் உங்களுக்கும் பழக்கமாகியிருப்பார்கள், பிள்ளையும் பிறந்துவிடும்!